பழைய அச்சுகளை என்ன செய்வது?



எங்கள் வீடுகளில் எதையும் இலகுவில் எறிய மாட்டோம். காலாவதியான கடவுச்சீட்டு, அகதி விண்ணப்பத்தின் பிரதி, ஊரிலிருந்து வந்த பயணப்பை எல்லாம் ஏதாவது ஒரு பெட்டிக்குள் கிடக்கும். ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்களுக்கு இந்தப் பழக்கம் வருவது இயல்பு. கணனித் துறையில் வேலை செய்யும் எனக்கும் அது இருந்தது. அதனால் 2018இல் நான் விட்ட ஒரு பிழையையும் அதன் பின்னால் உள்ள ஐம்பது வருட வரலாற்றையும் இன்று சொல்லப்போகிறேன்.

ஸ்காபரோவில் ஒரு தமிழ்ப் பாடசாலையின் இணையத்தளத்தை நான் தொண்டராகப் பராமரித்து வந்தேன். அது வாடகைக்கு எடுத்த ஒரு கிளவுட் சேர்வரில் ஓடியது. 2012இல் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, அந்தச் சேர்வரை அப்படியே ஒரு படிமமாக எடுத்து வைத்தேன். ஆங்கிலத்தில் இதை இமேஜ் என்பார்கள்.

படிமம் என்றால் என்ன? ஊரில் வீடு கட்டும்போது முற்றத்தில் சீமெந்துக் கல் அரிவார்களே, அந்த அச்சை நினைத்துப் பாருங்கள். ஒரே அச்சில் எத்தனை கல்லும் அரியலாம். அதுபோல ஒரே படிமத்திலிருந்து எத்தனை சேர்வரையும் சில நிமிடங்களில் உருவாக்கலாம். அச்சு கோணலாக இருந்தால் எல்லாக் கல்லும் கோணலாகத்தான் வரும். அரிந்து முடிந்த பின் அச்சை உடைத்தாலும் வீடு இடியாது. இந்த இரண்டையும் மனதில் வைத்திருங்கள்.

ஒரு கணனிக்குள் பல கணனிகள் இருப்பதுபோல நடத்தும் வித்தை புதியதல்ல. ஐ.பி.எம். நிறுவனம் மசசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் வைத்திருந்த ஆய்வு நிலையத்தில் 1967இலேயே சி.பி.-40 என்ற முறை பாவனைக்கு வந்தது. அன்றைய பெரிய கணனிகள் மிக விலையுயர்ந்தவை. ஒன்றைப் பலர் ஒரே நேரத்தில் பாவிக்க வேண்டியிருந்தது. அதனால் ஒவ்வொருவருக்கும் தனிக் கணனி இருப்பதுபோன்ற தோற்றத்தை உண்டாக்கினார்கள். 1972இல் அந்த நிறுவனம் வி.எம்./370 என்ற பெயரில் இதை விற்பனைக்கு அறிவித்தது.

எங்கள் மேசைகளில் இருக்கும் சாதாரண கணனிக்கு இந்த வித்தையைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் மெண்டல் ரோசன்பிளம், டயான் கிறீன் உள்ளிட்ட ஐவர். 1998இல் வி.எம்.வெயார் நிறுவனத்தைத் தொடங்கி அடுத்த வருடமே முதல் மென்பொருளை வெளியிட்டார்கள். அத்துடன் முழுக் கணனியையும் சில கோப்புகளாகப் பிரதி எடுத்து வைக்க எவராலும் முடிந்தது. 2006 ஆகஸ்ட் மாதம் அமேசன் நிறுவனம் மணித்தியாலக் கணக்கில் கணனியை வாடகைக்கு விடத் தொடங்கியது. அங்கே ஒரு கணனியை இயக்க முதலில் தேவைப்பட்டது ஒரு படிமம். பாவனையாளர்கள் தாங்கள் செய்த படிமங்களை ஊருக்கெல்லாம் பொதுவாகவும் திறந்துவிட்டார்கள். எடுப்பது இலகு, வைத்திருப்பதும் மலிவு. அழிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. ரோசன்பிளமும் தால் கார்ஃபிங்கல் என்ற ஆய்வாளரும் 2005இலேயே இதைப் பற்றி எழுதினார்கள். பழைய நிலைக்குத் திரும்பும் கணனி, அதற்குப் பிறகு அடைக்கப்பட்ட ஓட்டைகளையும் திரும்பத் திறந்துகொண்டு வரும் என்பது அவர்களுடைய கருத்து. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, அமேசன் சேவையில் பொதுவில் கிடந்த 5000க்கும் மேற்பட்ட படிமங்களைச் சோதித்தது. விண்டோஸ் படிமங்களில் 98 வீதத்திலும் லினக்ஸ் படிமங்களில் 58 வீதத்திலும் பாரதூரமான ஓட்டையுள்ள மென்பொருட்கள் இருந்தன. அழித்துவிட்டோம் என்று உரிமையாளர்கள் நினைத்த கோப்புகளையும் பல படிமங்களிலிருந்து மீட்டெடுக்க முடிந்தது.

இதையெல்லாம் வாசித்திருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

2013இல் ஒரு தாய் என்னிடம் வந்தார். "அண்ணை, எங்கட பேரையும் விலாசத்தையும் அந்தப் பெற்றோர் லிஸ்ற்றிலையிருந்து எடுத்துவிடுங்கோ. ஊரிலை இன்னும் ஆக்கள் இருக்கினம்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்களில் எவரும் கேட்க மாட்டோம். அன்றிரவே எடுத்துவிட்டுச் சொன்னேன். அதன்பின் இன்னும் சில குடும்பங்களும் கேட்டன. அவர்களுடைய பெயர்களையும் எடுத்தேன்.

2018 தை மாதம் ஓரிரவு சேர்வர் படுத்துவிட்டது. மறுநாள் பரீட்சை விண்ணப்ப முடிவு நாள். தரவுகளை மீட்டெடுக்க நேரமெடுக்கும் என்பதால், அதுவரைக்கும் என்று 2012ஆம் ஆண்டுப் படிமத்திலிருந்து ஒரு சேர்வரை எழுப்பிவிட்டுப் படுத்தேன். விடிய அந்தத் தாயின் தொலைபேசி வந்தது. விண்ணப்பம் நிரப்ப உள்ளே போனவர் பட்டியலைப் பார்த்திருக்கிறார். "அண்ணை, எங்கட பேர் திரும்ப வந்திருக்கு."

ஓடிக்கொண்டிருந்த சேர்வரில்தான் நான் பெயரை எடுத்திருந்தேன். அச்சுக்குள் அது அப்படியே இருந்தது.

அதைவிட மோசமான விசயம் பிறகுதான் தெரிந்தது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை உலகத்துக்குத் தெரியவந்தது. இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் அது இருந்தது. வெளியில் நிற்கும் ஒருவர் ஒரு தடவை கேட்டால் சேர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைற் வரை அள்ளலாம். அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம். ஓடிக்கொண்டிருந்த சேர்வரில் அந்த ஓட்டையை அப்போதே அடைத்திருந்தேன். படிமத்தில் இருந்ததோ உபுண்டு 12.04. அதற்கான பொதுவான ஆதரவு 2017 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. நான்கு வருடத்துக்கு முன் அடைத்த ஓட்டையை அன்றிரவு என் கையாலேயே திறந்துவிட்டேன். அந்த வழியால் யார் வந்து போனாலும் வழமையான பதிவுகளில் தடயம் விழாது. யாராவது எடுத்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதிபரிடம் சொன்னேன். பட்டியலில் இருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் நானே தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன். சிலர் ஏசினார்கள். அது நியாயம்.

பழைய படிமங்களை ஓய்வுபெறச் செய்ய இன்று ஒழுங்கான வழிமுறைகள் இருக்கின்றன. கூகிள் சேவையில் ஒரு படிமத்தை முதலில் "கைவிடப்படவுள்ளது" என்று குறிக்கலாம். அப்போதும் அதைப் பாவிக்கலாம், ஆனால் எச்சரிக்கை வரும். அடுத்த படியில் அதிலிருந்து புதிதாக ஒன்றும் உருவாக்க முடியாது. அதற்கும் பிறகுதான் நீக்கம். அமேசனும் 2021இலிருந்து படிமங்களுக்கு இப்படியொரு முடிவுத் திகதி குறிக்க இடம் தந்தது. அந்தத் திகதிக்குப் பிறகு மற்றவர்களின் தேடலில் படிமம் தெரியாது. அதன் இலக்கம் தெரிந்தவர்கள் மட்டும் பாவிக்கலாம். ஏற்கனவே ஓடும் சேர்வர்களுக்கு ஒன்றும் நடக்காது. முற்றத்தில் அச்சை உடைத்தால் வீடு இடியாது என்றேன் அல்லவா, அதே கதைதான்.

ஒரு விடயத்தில் கவனம் தேவை. படிமத்தின் பதிவை நீக்கினாலும், அதன் அடியில் உள்ள வட்டின் பிரதி தனியே கிடக்கக்கூடும். ஸ்னப்ஷொட் என்பார்கள். அதையும் சேர்த்து அழிக்காவிட்டால் பெயர்கள் அதற்குள் இருந்துகொண்டே இருக்கும். வாடகையும் ஏறும்.

நான் செய்தது இதுதான். பழைய சேர்வரை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டுத் திறந்தேன். பிள்ளைகளின் ஆண்டு மலர்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அவற்றை யுனிக்கோட்டுக்கு மாற்றி எடுத்தேன். விழாப் படங்களையும் எடுத்தேன். சேர்வரைப் புதிதாகக் கட்டுவது எப்படி என்று படிப்படியாக எழுதி வைத்தேன். அதன் பிறகு படிமத்தையும் ஸ்னப்ஷொட்டையும் அழித்தேன். இப்போது ஒரு படிமம் எடுத்தால் அன்றே அதற்கு முடிவுத் திகதியும் எழுதிவிடுகிறேன்.

கோயில், பழைய மாணவர் சங்கம், ஊர்ச் சங்கம் என்று நடத்துகிறவர்கள் உங்கள் கணனிப் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பழைய படிமங்கள் எத்தனை இருக்கின்றன? அவற்றுக்குள் யாருடைய பெயர்கள் இருக்கின்றன? அவை எந்தத் திகதியில் அழியும்? பதில் வராவிட்டால் கோபிக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து தேடுங்கள்.

அந்தத் தாயைக் கடைத்தெருவில் இடைக்கிடை காண்பேன். ஒருமுறை கேட்டார்: "இப்ப ஒரு இடத்திலையும் இல்லைத்தானே, அண்ணை?"

"எனக்குத் தெரிஞ்ச இடத்திலை இல்லைப் பிள்ளை" என்றேன். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை.