அகழிக்குள் அகப்பட்டவர்கள்

செஞ்சிக்குப் போகிறவர்கள் ராஜகிரியின் படிகளை எண்ணுவார்கள். தேசிங்கு ராஜனை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். நானும் இரண்டையும் செய்துவிட்டு, கால் வலியோடு செட்டிக்குளத்துக் கரையில் உட்கார்ந்தேன். கூட வந்த என் அக்காள் மகன் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறவன். சேற்று வளைக்குள் ஓடிய ஒரு நண்டைக் காட்டி, "மாமா, தென் துருவத்தின் கரையோரக் கடலில் இந்த ஜாதி அநேகமாகக் கிடையாது, தெரியுமா?" என்றான்.

"குளிர் தாங்காதாக்கும்?"

"குளிர் மட்டுமில்லை, மாமா. அது ஒரு முற்றுகைக் கதை."

முற்றுகை என்றதும் காதைத் தீட்டிக்கொண்டேன். செஞ்சியே முற்றுகைக்குப் பேர்போன ஊராயிற்றே! 1690 முதல் 1698 வரை சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார்கான் வெளியே. கோட்டை விழுமுன் ராஜாராம் தப்பிவிட்டார். எல்லாருக்குமா அப்படி வழி கிடைக்கிறது?

இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்தவை. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. செஞ்சியின் பாறை அப்போதே கிழப்பாறை! அண்டார்டிகா அன்று பனிக்காடு அல்ல. அங்குள்ள ஸீமோர் தீவில் நண்டுகளும் சிங்கி இறால்களும் கல்லாகிக் கிடைக்கின்றன. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலைமை மாறிற்று. காற்றில் கரியமில வாயு குறைந்தது. பக்கத்து நிலங்கள் விலகி, கண்டத்தைச் சுற்றி ஒரு பெரிய நீரோட்டம் அகழிபோல் சுழல ஆரம்பித்தது. உள்ளே கடல் உறையும் அளவுக்குக் குளிர்ந்தது.

நண்டின் ரத்தத்தில் மக்னீசியம் தங்கிவிடும். குளிரில் அது மயக்க மருந்துபோல் வேலை செய்து, நண்டை அசையவிடாமல் அடித்துவிடுகிறதாம். அந்த உப்பை வெளியேற்றத் தெரிந்த சிறு ஜந்துக்கள் பிழைத்தன. கூனி இறால் அளவுள்ள ஆம்பிபாட் இனத்தில் மட்டும் அங்கே 500-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. தாய் முட்டைகளை வயிற்றுப் பையிலேயே வைத்து வளர்ப்பதால் குஞ்சுகள் தொலைதூரம் மிதந்து போவதில்லை. அங்கங்கே தங்கி, அங்கங்கே தனிக் குலமாகிவிடுகின்றன. ஐசோபாட் இனத்தில் ஒன்று 20 சென்டிமீட்டர்கூட வளர்கிறது. நடுக்கடலிலோ, விரல் நீளக் கிரில் கூட்டம் திமிங்கிலத்துக்கும் பெங்குவினுக்கும் சோறு போடுகிறது.

1982 ஜனவரி 9-ல் கடல் உயிரியல் அறிஞர் டாக்டர் எஸ். இஸட். காசிமின் தலைமையில் முதல் இந்தியக் குழு அங்கே கால் வைத்தது. பிரிந்துபோன பழைய அண்டை வீட்டை விசாரிக்கப் போனதாகவே எனக்குத் தோன்றுகிறது.

"இப்போது கோட்டை பத்திரந்தானே?" என்று கேட்டேன்.

பையன் சற்றுப் பேசாமல் இருந்தான். அண்டார்டிகாவின் ஆழச் சரிவுகளில் ராஜ நண்டுகள் தென்பட்டிருக்கின்றன என்றான். புதிதாக வந்தவையா, முன்பே இருந்தவையா என்று விஞ்ஞானிகள் வாதாடுகிறார்கள். கடல் இன்னும் சூடேறினால் அவை மேலேறக்கூடும். ஓடு உடைக்கும் எதிரியையே காணாத மெல்லிய சிப்பிகளும் நட்சத்திர மீன்களும் அப்போது என்ன செய்யும்? கதவைத் திறந்துவிடுவது வேறு யாருமில்லை. நம்முடைய ஆலையும் வண்டியும் கக்கும் புகைதான்.

2025-ல் செஞ்சி உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. விழுந்துவிட்ட கோட்டைக்கு இன்று காவல் உண்டு. இன்னும் விழாத அந்தக் கோட்டைக்கு?

நண்டு வளையிலிருந்து எட்டிப் பார்த்தது. நாங்கள் சத்தம் செய்யாமல் எழுந்தோம்.