1957 இன்ஃபுளுயன்சாவும் கருவிலிருந்த தலைமுறையும்: கொங்குப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கொள்ளைநோய்களின் வரலாறு பெரும்பாலும் இறப்பு எண்ணிக்கையைக் கொண்டே அளக்கப்பட்டு வந்துள்ளது. கோவையிலுள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்நோயின் நினைவை இன்றும் தாங்கி நிற்கின்றன. உயிர்ப்பலி மிகுந்த நோய் ஊர் நினைவில் தங்குகிறது. சில நாள் காய்ச்சலாக வந்து செல்லும் நோய் எளிதில் மறக்கப்படுகிறது. எனினும், மூச்சுவழிப் பரவும் வைரசுத் தொற்றின் விளைவு காய்ச்சலோடு முடிந்துவிடுவதில்லை. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியையும் அது பாதிக்கக்கூடும். ஆகவே, கொங்குப் பகுதியின் நோய் வரலாறு இறப்புப் பதிவுகளோடு பிறப்புப் பதிவுகளிலிருந்தும் எழுதப்பட வேண்டும் என்பதை, 1957ஆம் ஆண்டு இன்ஃபுளுயன்சாவைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

குன்னூர் ஆய்வகமும் 1957 பரவலும்

மேட்டுப்பாளையத்திற்கு மேலே மலையில் அமைந்த குன்னூர், 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்துள் அடங்கியிருந்தது. அங்கு 1907இல் வெறிநாய்க்கடி மருத்துவத்திற்காகப் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. மூளையைத் தாக்கும் ரேபிஸ் வைரசின்பொருட்டு எழுந்த அந்நிறுவனமே, பின்னர் இன்ஃபுளுயன்சாவை ஆராயும் இந்திய மையமாகவும் விளங்கியது.

1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்தை அடைந்த கப்பல் பயணிகளோடு 'ஆசியக் காய்ச்சல்' இந்நாட்டினுள் நுழைந்தது. குன்னூர் மையம் அதன் வைரசை ஆராய்ந்தது. 1958 பிப்ரவரி வரை இந்திய அளவில் ஏறத்தாழ 44 இலட்சம் பேர் நோயுற்றதாகவும், ஏறத்தாழ 1,100 பேர் இறந்ததாகவும் பதிவாயிற்று. நோயுற்றோரில் நாலாயிரத்துக்கு ஒருவர் என்னும் இவ்விகிதத்தை மட்டும் காண்போர், இதனை எளிய நோயென்றே கருதுவர்.

கருக்காலத் தொற்றும் மூளையும்

அதே பரவலின்போது ஹெல்சிங்கியில் கருவிலிருந்தோரைப் பற்றி மெட்னிக் குழுவினர் 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பரவல் நிகழ்ந்தபோது கருக்காலத்தின் இரண்டாம் மும்மாதத்தில் இருந்தோரிடையே, பிற்காலத்தில் மனச்சிதைவு நோய் மிகுந்திருந்தது என்பது அவர்களின் முடிவு. ஆயின், தாய்மார் ஒவ்வொருவரும் உண்மையில் நோயுற்றனரா என்பது அதில் உறுதி செய்யப்படவில்லை. பிற நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகள் சில அம்முடிவோடு ஒத்துவரவும் இல்லை.

இக்குறையை நீக்கும் வகையில், கலிபோர்னியாவில் கருவுற்ற காலத்திலேயே சேமிக்கப்பட்டிருந்த தாய்மாரின் குருதிநீரைப் பிரௌன் குழுவினர் சோதித்தனர். கருக்காலத்தின் முற்பாதியில் தொற்று ஏற்பட்டிருப்பின் பிள்ளைக்கு மனச்சிதைவு நோய் வரும் இடர் ஏறத்தாழ மும்மடங்கு என 2004இல் அவர்கள் மதிப்பிட்டனர். புள்ளியியல் நோக்கில் இதுவும் எல்லைக்கோட்டில் நிற்கும் முடிவே.

இன்ஃபுளுயன்சா வைரசு நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைவது அரிது. தொற்றை எதிர்க்கும்போது தாயின் உடலில் சுரக்கும் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் கருவின் மூளை வளர்ச்சியை மாற்றக்கூடும் என விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே, வைரசு மூளையைத் தொடாமலேயே அதன் விளைவு மூளையை எட்டலாம்.

முடிவுரை

ஹெல்சிங்கியில் இவ்வினா எழுவதற்கு வழிவகுத்தவை, பிறந்த நாளையும் பிற்கால மருத்துவமனைப் பதிவையும் இணைத்துக் காணும் ஆவணங்களே. 1957 பரவலின்போது கொங்குப் பகுதியில் கருவிலிருந்தோர் இன்று அறுபது வயதைக் கடந்துள்ளனர். பிறப்புப் பதிவேடுகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள் ஆகியவற்றின் துணைகொண்டு அத்தலைமுறையை ஆராய்வதற்குரிய காலம் குறுகி வருகிறது.

கொரோனா காலத்தில் பிறந்தோரோ இப்போது பள்ளி வயதினர். தமிழகத்தில் கருவுற்றோரைப் பதியும் 'பிக்மி' எண்ணும், மாணவரைப் பதியும் 'எமிஸ்' எண்ணும் இன்று நடைமுறையில் உள்ளன. தனிமனித மறைவுரிமையைக் காத்து இவற்றை இணைத்து நோக்கினால், 1957இல் கேட்க இயலாத வினாவை இத்தலைமுறையைப் பற்றிக் கேட்க இயலும். இடரின் அளவு எதுவாயினும், அதனை அறிந்தால்தான் உரிய பிள்ளைகளுக்கு உரிய வயதில் உதவி சென்றடையும். மருத்துவத் துறையோடு வரலாற்றுத் துறையும் இணைந்து மேற்கொள்ள வேண்டிய ஆய்வுக்களம் இதுவாகும்.