விநாடிக்கு 10 லட்சம் எக்ஸ்ரே ஃபிளாஷ்... மைனஸ் 271 டிகிரியில் ஓடும் ராட்சத லேசர்! எப்படி வேலை செய்கிறது?

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். ஒரு மூலக்கூறு உடையும்போது அணுக்கள் இடம் மாறுவதைக் காட்டுமா? அதற்கென்றே ஒரு லேசர் இருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஸ்லாக் ஆய்வகத்தில் உள்ள எல்சிஎல்எஸ்-2. மேம்படுத்தப்பட்ட இந்த லேசர் 2023 செப்டம்பரில் முதல் எக்ஸ்ரேயைத் தந்தது. செலவு சுமார் 110 கோடி டாலர்.

எக்ஸ்ரே எப்படி வருகிறது?

எலெக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் ஓட விட வேண்டும். பிறகு, வடக்கு, தெற்கு என மாறி மாறி அடுக்கிய காந்த வரிசைக்குள் அனுப்ப வேண்டும். இதன் பெயர் 'அண்டுலேட்டர்'. உள்ளே எலெக்ட்ரான்கள் பாம்பு போல நெளிந்து ஓடும். நெளியும்போது எக்ஸ்ரேயை உமிழும். அந்த எக்ஸ்ரே, எலெக்ட்ரான்களைச் சின்னச் சின்னக் கூட்டமாகச் சேர்க்கும். கூட்டம் ஒன்றாக உமிழும்போது வெளிச்சம் பல மடங்கு எகிறும். அதுதான் ஃப்ரீ எலெக்ட்ரான் லேசர்.

குளிர் எதற்கு?

2009-ல் தொடங்கிய பழைய லேசர், செம்புக் குழாய் முடுக்கியில் ஓடியது. எலெக்ட்ரானைத் தள்ளும் மின்காந்த அலையின் ஆற்றலில் பெரும்பகுதி செம்பைச் சூடாக்கியே வீணானது. அதனால் விநாடிக்கு 120 ஃபிளாஷ்தான் கிடைத்தது.

புதிய முடுக்கியில் நியோபியம் உலோகக் கூடுகள். திரவ ஹீலியத்தில் மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர வைத்தால், நியோபியம் மீகடத்தியாகிவிடும். மின்தடை கிட்டத்தட்ட இல்லை, சூடும் மிகக் குறைவு. ஆகவே இடைவெளி விடாமல் ஓட்டலாம். விநாடிக்கு 10 லட்சம் ஃபிளாஷ் வரை இலக்கு. ஆனால் குளிர் சும்மா வராது: ஹீலியம் குளிரூட்டும் ஆலைக்கே நிறைய மின்சாரம் வேண்டும்.

இத்தனை ஃபிளாஷ் எதற்கு?

இந்த எக்ஸ்ரே பட்டதும் மாதிரி சிதைந்துவிடும். ஆனால் ஒரு ஃபிளாஷ் சில ஃபெம்டோ விநாடிகளில்கூட முடிந்துவிடும். ஒரு விநாடியை 10 லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி 100 கோடி பங்காக்கினால் வருவதுதான் ஒரு ஃபெம்டோ விநாடி. மாதிரி சிதறுவதற்குள் படம் பதிவாகிவிடும்!

ஒவ்வொரு படத்துக்கும் புது மாதிரி வேண்டும். பல ஆயிரம் படங்களைச் சேர்த்தால்தான் ஒரு புரதத்தின் முழு உருவம் கிடைக்கும். மருந்து ஒட்ட வேண்டிய இடம் எது, இலை சூரிய ஒளியால் தண்ணீரைப் பிளப்பது எப்படி என்ற கேள்விகளுக்கு இப்படித்தான் விடை தேடுகிறார்கள். நாள் கணக்கில் எடுத்த படங்களை நிமிடங்களில் எடுக்க முடிந்தால், அபூர்வமாக நடக்கும் வேதிவினையும் சிக்கும்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே, 3.4 கி.மீ. நீளமுள்ள ஐரோப்பிய எக்ஸ்ஃபெல் லேசரும் 2017 முதல் இதே மீகடத்தி முறையில்தான் ஓடுகிறது.