கடல் கடந்த மைந்தரும் வளவு வீட்டு வாழ்வும்: நகரத்தார் குடும்ப அமைப்பில் பிரிவைத் தாங்கிய ஏற்பாடுகள்

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இரண்டாம் உலகப்போர் வரை, செட்டிநாட்டு நகரத்தார் குடும்பங்களில் வளர்ந்த ஆண்மக்கள் பர்மா, மலாயா, இலங்கை முதலிய நாடுகளுக்குத் தொழில் நிமித்தம் சென்று ஆண்டுக்கணக்கில் தங்கினர். இப்பெயர்வு இதுவரை பெரும்பாலும் முதலீட்டு வரலாறாகவே ஆராயப்பட்டுள்ளது. ஊரில் தங்கிய பெற்றோரும் மனைவியரும் பிரிவோடு வாழ்வதற்குக் குடும்ப அமைப்பு எத்தகைய ஏற்பாடுகளைக் கொண்டிருந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மூன்றாண்டுத் தவணை, வேறுவைத்தல், புள்ளி முறை, ஸ்ரீதனம் ஆகிய நான்கும் பிரிவைத் தாங்கும் தூண்களாக இருந்தன என்பதும், அவற்றின் வலிமை மகன் திரும்பும் காலம் அறியப்பட்டிருந்ததைச் சார்ந்திருந்தது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நகரத்தார், செட்டிநாடு, பர்மா, புலம்பெயர்வு, வேறுவைத்தல், புள்ளி, ஸ்ரீதனம்.

முன்னுரை

பொருள்வயிற் பிரிவு தமிழ் இலக்கியத்தின் தொன்மையான பாடுபொருள்களுள் ஒன்று. ஆயினும் அகத்திணை மரபில் அப்பிரிவு தலைவன் தலைவியரிடையே நிகழ்வதாகவே அமைகிறது. மகள் உடன்போக்கில் சென்றபோது நற்றாயும் செவிலியும் இரங்கிப் பேச இடமுண்டு. மகன் போர்க்களம் சென்றபோது தாய் பேசுவதற்குப் புறத்திணையில் இடமுண்டு. பொருள் தேடிச் சென்ற மகனைப் பெற்றவளுக்கோ அத்தகைய தனியிடம் இல்லை. மகன் பொருளீட்டச் செல்வது இயல்பான கடமையாகக் கருதப்பட்டதால், அது பெற்றோருக்கு உண்டாக்கும் வெறுமை பாடுபொருளாகவில்லை எனலாம்.

இதே மௌனம் வரலாற்றெழுத்திலும் தொடர்கிறது. நகரத்தாரின் கடல்கடந்த தொழில் பற்றி இராமன் மகாதேவன், டேவிட் ருட்னர், ஷான் டர்னல் முதலியோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவ்வாய்வுகளின் மையம் கடன், வட்டி, நிலம், முகவர் அமைப்பு ஆகியன. யூகோ நிஷிமுரா நகரத்தார் மகளிரின் சொத்துரிமையை ஆராய்ந்தது இப்போக்கினின்று மாறுபட்ட முயற்சி. இவ்வாய்வுகள் தரும் செய்திகளைக் குடும்பத்தின் பக்கமிருந்து மீண்டும் வாசித்தால், தொழில் ஏற்பாடுகளாகக் காணப்பட்டவை பலவும் பிரிவுக்கான ஏற்பாடுகளாகவும் இயங்கியமை புலனாகும்.

பெயர்வின் பின்னணி

நகரத்தார் 96 ஊர்களில் வாழ்ந்தனர் என்பது மரபுவழிச் செய்தி. காரைக்குடி, தேவகோட்டை உள்ளிட்ட இவ்வூர்கள் அமைந்த நிலப்பகுதி மழையையும் கண்மாயையும் நம்பியது. பெருஞ்செல்வம் ஈட்ட வேளாண்மை போதாது. 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐராவதி வடிநிலத்தின் நெல் உலகச் சந்தையை எட்ட வழிசெய்தன. காடழித்துக் கழனியாக்கிய பர்மிய உழவர்களுக்குக் கடன் தேவைப்பட்டது. அத்தேவையை நிறைவு செய்தோருள் நகரத்தார் முதன்மையானவர். 1929-30ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கு ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்ததாகவும், அவற்றின் முதலீடு 75 கோடி ரூபாய் அளவினது என்றும் மதிப்பிட்டது.

இவ்வெண்களைக் குடும்பத்தின் பார்வையில் காண்பது தேவை. ஒரு கடை என்பது ஒரு முகவரையும் அவருக்குக் கீழ்ப் பணியாற்றும் சிலரையும் கொண்டது. எனவே 1,650 கடைகள் என்பது செட்டிநாட்டில் அதனினும் பன்மடங்கு வீடுகளில் மகன் இல்லை என்பதன் மறுபெயர். இலங்கை, மலாயா, சுமத்திரா, இந்தோசீனம் ஆகிய இடங்களையும் சேர்த்தால், வயதுவந்த ஆண்மகன் ஊரில் இருப்பது அன்றி ஊரில் இல்லாதிருப்பதே அச்சமூகத்தில் இயல்புநிலை ஆகியது. வெளிநாடு சென்று தொழில் செய்வதைக் 'கொண்டுவிற்கப் போதல்' என்றனர். வட்டித்தொழில் தலையெடுத்த பின்னரும், சரக்கைக் கொண்டுசென்று விற்ற பழைய வணிகத்தின் பெயரே நிலைத்தமை கருதத்தக்கது. புதிய பிரிவைப் பழைய சொல்லால் அழைத்து அதனைப் பழக்கமானதாக ஆக்கிக்கொண்டனர் எனலாம்.

தவணை: பிரிவுக்கு இட்ட எல்லை

முகவராகவோ அவருக்குக் கீழோ செல்பவர் பொதுவாக மூன்றாண்டுக் காலத்துக்கு ஒப்பந்தம் செய்துகொள்வார். சம்பளத்தின் ஒரு பகுதி புறப்படும்போதே முன்பணமாகத் தரப்படும். தவணை முடிந்ததும் கணக்கு ஒப்படைத்து ஊர் திரும்புவார். சிறிது காலம் வீட்டில் தங்கியபின் மறு தவணைக்குச் செல்வார். பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்து, பின் சொந்தக் கடை வைப்பது வரை ஒருவர் வாழ்க்கை இத்தவணைகளால் அளக்கப்பட்டது.

இம்முறைக்குத் தொழில்சார் காரணம் தெளிவானது. தொலைவிலுள்ள முகவரின் நேர்மையை முதலாளி அறியக் கணக்கு முடிப்பு இன்றியமையாதது. ஆனால் முன்பணமும் கால எல்லையும் ஊரில் இருப்போருக்கும் பயன்பட்டன. முன்பணம் இல்லத்தை நடத்த உதவியது. கால எல்லையோ காத்திருத்தலுக்கு ஒரு கரையைத் தந்தது. திருமணம், புதுமனை, மூத்தோரின் அறுபதாண்டு நிறைவு முதலியவற்றை மகன் வரும் காலத்தோடு பொருத்தித் திட்டமிட இயன்றது.

சென்ற இடமும் முற்றிலும் அயலிடமாக இருக்கவில்லை. நகரத்தார் கூடித் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியும், அதனையொட்டி எழுந்த முருகன் கோயிலும் ஊரின் நீட்சிகளாயின. சிங்கப்பூர் டாங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோயில் 1859இல் நிறுவப்பட்டது. உறவினர், ஊரார் எனத் தெரிந்த வட்டத்தாரின் கடைகளிலேயே இளைஞர் பெரும்பாலும் அமர்த்தப்பட்டனர். ஊர் திரும்பும் ஒவ்வொருவரும் மற்றவர் இல்லங்களுக்கான செய்தியாளரும் ஆனார். கடிதத்தில் எழுதப்படாதது நேரில் கேட்டறியப்பட்டது.

இதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். முகவரின் பெற்றோரும் மனைவி மக்களும் ஊரில் தங்கியமையே முதலாளிக்குப் பிணையாக அமைந்தது. அயல்நாட்டில் பணத்தைக் கையாள்பவர் தவறினால் ஊரில் குடும்பத்தின் மதிப்பு குலையும். ஆகவே குடும்பம் பிரிந்திருப்பதைத் தாங்கிக்கொண்ட அதே அமைப்பு, அது பிரிந்தே இருக்க வேண்டும் என்பதையும் வேண்டி நின்றது.

வேறுவைத்தலும் வளவும்

திருமணமான மகனையும் மருமகளையும் சிறிது காலத்தில் தனிச் சமையல் செய்யுமாறு 'வேறுவைப்பது' நகரத்தார் வழக்கம். வீடு ஒன்றே, அடுப்புகள் வேறு. முகப்பையும் பட்டாலையையும் கடந்து உள்ளே சென்றால் வளவு எனும் திறந்த முற்றம். அதனைச் சூழ்ந்து ஒவ்வொரு மகனுக்கும் உரிய அறைகள். ஆண்டுச் செலவுக்கான நெல்லும் பொருளும் அளந்து தரப்படும். அதற்குள் இல்லம் நடத்துவது அவரவர் பொறுப்பு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் நகரத்தாரின் இத்தனி வாழ்க்கைமுறை குறிக்கப்பட்டுள்ளது.

இவ்வமைப்பு பொதுவாகச் சிக்கனத்தின் அடையாளமாகவே விளக்கப்படுகிறது. அதனினும் ஆழ்ந்த பயன் ஒன்று இதற்கு உண்டு. மகன் ஊரில் இல்லாத வீட்டில் மாமியாரும் மருமகளும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழ வேண்டும். அடுப்பு ஒன்றானால் ஒவ்வொரு படி அரிசியும் பூசலுக்கு இடமாகலாம். இடைநின்று தீர்க்க மகனும் இல்லை. அடுப்பு வேறாகவும் முற்றம் ஒன்றாகவும் அமைந்தமை அருகாமையையும் தன்னுரிமையையும் ஒருங்கே தந்தது. நோயுற்றால் உதவி, இரவில் துணை, பேரக்குழந்தைகளின் வளர்ப்பு ஆகியவற்றில் முதியோர் தனித்து விடப்படவில்லை. மகன் சென்றபின் பெற்றோருக்கு எஞ்சியது வெற்று வீடன்று. அவன் குடும்பம் வாழும் வீடு.

புள்ளியும் ஸ்ரீதனமும்

நகரத்தார் மரபில் மணமான ஆணின் குடும்பம் ஒரு 'புள்ளி'யாகக் கணக்கிடப்படும். ஊர்க் கோயிலுக்கான வரி புள்ளிக்கு இவ்வளவு என விதிக்கப்படும். மகன் இரங்கூனில் இருந்தாலும் பினாங்கில் இருந்தாலும் அவனுடைய புள்ளி ஊரிலேயே இருந்தது. குடும்பத்தின் சமூக இருப்பு உடல் இருப்பைச் சாராதவாறு அமைத்த முறை இது. பெற்றோருக்கு இதன் பொருள், மகன் ஊரை விட்டுச் சென்றவன் அல்லன், வெளியே சென்றிருப்பவன் என்பதே.

ஸ்ரீதனம் மற்றொரு தூண். மணத்தின்போது இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் இசைகுடிமானம் திருமண உடன்பாட்டை ஆவணமாக்கியது. பெண் கொண்டுவந்த பணம் அவளுக்கே உரியதாகக் கருதப்பட்டு, வட்டிக்கு விடப்பட்டுப் பெருகியது. கணவன் அயலில் இருக்கும்போது ஆச்சிமார் வரவு செலவு பார்த்தனர், மக்களை வளர்த்தனர், உறவின் முறைகளைக் குறைவின்றிச் செய்தனர். இவ்வாற்றலைப் போற்றும்போதே, இளமையின் பெரும்பகுதியைத் தவணைகளின் இடைவெளியில் கழித்த அவர்கள் இழப்பையும் மறத்தலாகாது. அமைப்பு பெற்றோரின் தனிமையைக் குறைத்தது. ஆனால் அதன் விலையில் பெரும்பங்கை மருமகள் செலுத்தினாள்.

ஏற்பாடுகள் குலைந்தமை

1930களின் பொருளாதார மந்தம் முதல் அடி. நெல்விலை வீழ்ந்ததால் பர்மிய உழவர்கள் கடனைத் திருப்ப இயலவில்லை. ஈடு வைத்த நிலங்கள் கடை கொடுத்தோர் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடாக இருந்து, 1937இல் 25 விழுக்காடாக உயர்ந்தது. இது வளர்ச்சியன்று; பணம் மண்ணாக உறைந்த நிலை. பணத்தைத் தவணைக்குள் திரட்டிக் கணக்கு முடிக்கலாம். நிலத்தை அவ்வாறு முடிக்க இயலாது. மூன்றாண்டு எனும் எல்லையின் பொருளாதார அடிப்படையே இவ்வாறு ஆட்டம் கண்டது.

இரண்டாம் அடி போர். 1941 டிசம்பர் 23இல் இரங்கூன் மீது குண்டுகள் வீழ்ந்தன. 1942 மார்ச்சில் அந்நகர் சப்பானியர் வசமானது. இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். அவர்களுள் பெருந்தொகையினர் அரக்கான், அசாம் வழிகளில் நடந்தே வந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் மலாயாவில் இருந்தோர் அங்கேயே சிக்கினர். 1945 செப்டம்பர் வரை, மூன்றரை ஆண்டுக்கு மேல், வழக்கமான அஞ்சலும் கப்பலும் இல்லை. பெற்றோர் அறிந்திருந்த மிக நீண்ட காத்திருப்பு ஒரு தவணை. இதுவோ தவணையினும் நீண்டது, முடிவு நாள் அறியப்படாதது. மகன் உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாத நிலையில், வளவும் புள்ளியும் ஸ்ரீதனமும் வாழ்வை நடத்த உதவின. மனத்தை ஆற்ற உதவவில்லை. பிரிவைத் தாங்கச் செய்தது செல்வமோ பழக்கமோ மட்டுமன்று, திரும்பும் நாள் பற்றிய உறுதியே என்பதற்கு இக்காலமே சான்று.

1948இல் விடுதலை பெற்ற பர்மா அவ்வாண்டே நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. 1960களில் வங்கிகளும் வணிகமும் அரசுடைமையாயின. இதற்கிடையே நகரத்தார் முதலீடு தாய்நாட்டுத் தொழில்களுக்கும் கல்விக்கும் திரும்பியது. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் 1947இல் காரைக்குடியில் அழகப்பா கல்லூரியும் தோன்றின. கற்ற தலைமுறை மாதச் சம்பளப் பணிகளுக்காக மீண்டும் ஊரைவிட்டுச் சென்றது. இம்முறை மனைவி மக்களோடு. கணவன் மனைவியர் சேர்ந்து வாழ்ந்தனர் என்பது மறுக்க இயலாத பேறு. ஆனால் அதே மாற்றம் முதியோரின் வளவை வெறுமையாக்கியது. வேறுவைத்த அடுப்புகள் அணைந்தன. தவணை எனும் எல்லையும் மறைந்தது.

முடிவுரை

நகரத்தார் குடும்பங்கள் மகனின் பிரிவைத் தாங்கியது மன உரத்தால் மட்டுமன்று. காத்திருப்புக்கு எல்லை வகுத்த தவணை, அருகாமையைக் காத்த வேறுவைத்தல், இல்லாதவனையும் எண்ணிக்கையில் வைத்த புள்ளி, மகளிர் கையில் பொருள்வலிமை தந்த ஸ்ரீதனம் ஆகியன ஒன்றையொன்று தாங்கி நின்றன. இவற்றுள் தவணை முறிந்தபோது மற்றவை பிரிவின் புறத்தேவைகளை மட்டுமே நிறைவு செய்தன.

இன்று செட்டிநாட்டுப் பெருவீடுகள் பல, திருமணத்துக்கும் படைப்புக்கும் அறுபதாண்டு விழாவுக்கும் திறக்கப்பட்டு மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கின்றன. பழைய அமைப்பில் சமூகக் கணக்கும் சடங்கும் எஞ்சின. தவணையும் வளவின் அன்றாட வாழ்வும் மறைந்தன. பிள்ளைகள் தொலைவில் வாழும் இக்காலத்து முதியோர் பற்றிய ஆய்வுகள் தகவல்தொடர்பின் பெருக்கத்தை ஆறுதலாகக் கொள்வது வழக்கம். நகரத்தார் வரலாறு வேறொரு வினாவை முன்வைக்கிறது. நாள்தோறும் குரல் கேட்பதும், வரும் நாளை அறிந்திருப்பதும் ஒன்றாகுமா? கடிதம் வரப் பல நாளான காலத்தில் பெற்றோர் பெற்றிருந்தது இரண்டாவது. அதனை மருமகளின் இழப்பின்றி மீட்டமைக்க இயலுமா என்பது இனிவரும் ஆய்வுகள் எண்ணிப் பார்க்கத்தக்கது.