பழனிப் பாதைக்கு ஐந்து வரி: ஓர் உரை

தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு நடப்பது 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வழக்கம் என்பார்கள். நெற்குப்பைக் குமாரப்பர் உப்பு வாணிகத்துக்காகப் பழனி போய்வந்த கதையை நகரத்தார் வீடுகளில் இன்றும் சொல்வதுண்டு. குன்றக்குடியில் காவடிகள் கூடும். பிறகு திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று ஏறத்தாழ 160 கிலோமீட்டர். வழி மாறவில்லை, அந்த வழியில் வரும் வண்டிகளின் வேகம்தான் மாறிவிட்டது. எங்கள் குழுவில் அறுபதைத் தாண்டிய ஐயாக்களும் ஆச்சிமார்களும் நிறையப் பேர். அவர்கள் பையில் வைத்துக்கொள்ள ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன். ‘இது எதுக்கப்பா, முருகன் பாத்துக்குவான்’ என்றவர்களுக்காக இந்த உரை.

1. நிலா இறங்கிய பின் தனியே நடவாதீர்.

பூசம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது, ஆகவே வழியெல்லாம் நிலா இருக்கும் என்று பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை. நாம் நடப்பது வளர்பிறையில். வளர்பிறை நிலா மாலையில் வானத்தில் நிற்கும், விடியுமுன் மறைந்துவிடும். சப்தமியன்று ஏறத்தாழ நள்ளிரவில் இறங்கும். பிறகு நாளுக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளிப்போய், ஏகாதசியன்று பின்னிரவு மூன்று மணி தாண்டி இறங்கும். பௌர்ணமியன்றுதான் விடியும்வரை துணைக்கு வரும்.

வெயிலுக்கு அஞ்சி நாம் கிளம்புவதோ பின்னிரவில். தை மாதத்தில் சூரியன் உதிக்க ஆறரை மணி ஆகும். ஆக, பயணத்தின் முதல் நாட்களில் நடையில் பெரும்பகுதி முழு இருட்டில் கழிகிறது. வயல் பக்கத்துச் சாலையில் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டால் வண்டியோட்டிக்கு இன்னும் சிரமம். இரவு முழுக்க ஓட்டி வந்த லாரி டிரைவரைத் தூக்கம் அழுத்துவதும் அந்த நேரத்தில்தான்.

‘தனியே’ என்ற சொல்லுக்கும் காரணம் உண்டு. குழுவில் முதலில் எழுந்து, ‘நான் மெல்லத்தான் நடப்பேன், முன்னால போய்க்கிட்டிருக்கேன்’ என்று தனியாகக் கிளம்புவது பெரும்பாலும் வயதில் மூத்தவர்தான். பிறருக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம் அவரை இருட்டில் ஒற்றை ஆளாக நிறுத்திவிடுகிறது. நடந்தே ஊர் திரும்புகிறவர்களுக்கு நிலாக் கணக்கு தலைகீழாகும்: தேய்பிறையில் விடியற்காலை நிலா உண்டு, முன்னிரவுதான் இருட்டு.

2. வெள்ளைத் துண்டை நம்பாதீர்; காலில் ஒளி கட்டுங்கள்.

ஐந்தில் இதுதான் உயிரான வரி.

நடக்கிறவருக்கு வண்டியின் விளக்கு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலேயே தெரியும். அதனால் வண்டிக்காரருக்கும் நாம் தெரிந்திருப்போம் என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடும். இந்த முடிவு தவறு. தாழ்ந்த விளக்கில் வரும் வண்டிக்கு, அடர்நிறச் சேலை உடுத்தி நடக்கும் ஆச்சி முப்பது மீட்டர் அளவில்தான் புலப்படுவார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. டிரைவர் பார்த்து, உணர்ந்து, பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்குள் 45 மீட்டர் போய்விடும். முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையிலுள்ள அந்தப் பதினைந்து மீட்டரில்தான் நம் உயிர் இருக்கிறது.

வெள்ளை வேட்டியும் துண்டும் அடர்நிறத்தைவிடச் சற்று மேல், ஆனால் போதாது. பச்சை, காவி, மஞ்சள் எல்லாம் இருட்டில் ஒன்றுதான். பகலில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டைகூட வெயிலின் புறஊதாக் கதிரை வாங்கித்தான் மின்னுகிறது; இரவில் அதற்கு அந்த வலு இல்லை. தேவைப்படுவது, விழுந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பட்டை. நுண்ணிய கண்ணாடி மணிகளோ முப்பட்டைகளோ பதித்த ஸ்டிக்கர் அது. நூறு மீட்டருக்கு அப்பாலும் டிரைவர் கண்ணுக்கு மின்னும். தைப்பூச நாட்களில் வழியில் நிற்கும் காவலர்கள் நம் பையில் ஒட்டிவிடுவது இதைத்தான். ஒட்டும்போது அவசரப்பட்டு நழுவாமல் நின்று வாங்கிக்கொள்ளுங்கள். போர்வையை இழுத்துப் போர்த்தி அதை மறைத்துவிடாதீர்கள்.

பையில் ஒட்டினால் போதாதா, ‘காலில்’ என்றது ஏன்? 1973இல் குன்னர் யோஹான்சன் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர் ஓர் ஆய்வு வெளியிட்டார். இருட்டறையில் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் சிறு ஒளிப்புள்ளிகள் வைத்து நடக்கவிட்டார். பார்த்தவர்கள் நொடிப்பொழுதில் ‘மனிதர் நடக்கிறார்’ என்று கண்டுகொண்டார்கள். அசையாமல் நின்றபோது அவை வெறும் புள்ளிகளே. பையில் ஒட்டிய ஸ்டிக்கர் டிரைவருக்கு மைல்கல்லாகவோ வேலிக்கம்பமாகவோ படலாம். கணுக்காலில் முன்னும் பின்னும் வீசி அசையும் இரண்டு பட்டைகள் ஆள் நடப்பதைச் சொல்லிவிடும். மணிக்கட்டிலும் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு சொல்: பட்டையை இறுக்கிக் கட்ட வேண்டாம். மரத்துப்போன காலுக்கு இறுக்கம் தெரியாது. தங்கும் இடத்தில் கழற்றி, தோலில் தடம் பதிந்திருக்கிறதா, உள்ளங்காலில் கொப்புளம் உண்டா என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்லாந்தில் இருட்டில் சாலையில் நடப்பவர் இத்தகைய பட்டை அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பனிமலையில் சறுக்கி விளையாடுவோருக்கும் உலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு பத்து விதிகள் வகுத்திருக்கிறது. மேலிருந்து வருகிறவர்தான் முன்னால் இருப்பவரைக் காத்துப் போக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பொறுப்பு அவருடையதுதான். இருந்தும் எழுபது வயதில் சறுக்கப் போகிறவர் தூரத்திலேயே தெரியும் நிறத்தில் சட்டை போட்டுக்கொள்கிறார். பின்னால் வருகிறவர் தவறினால் அடிபடுவது தன் எலும்பு என்று அவருக்குத் தெரியும். நத்தம் சாலையிலும் நியாயம் இதேதான்.

3. வண்டியைப் பார்த்து நடங்கள். கூட்டமானால் முன்னும் பின்னும் விளக்கு.

ஓரிருவராய்ப் போகும்போது சாலையின் வலது ஓரம். எதிரே வரும் வண்டி நம் கண்ணுக்குத் தெரியும், ஒதுங்க நேரம் கிடைக்கும். இடது ஓரத்தில் நடந்தால் வருவது முதுகுக்குப் பின்னால். மந்தமான காதுக்கு அது வந்து சேர்ந்த பிறகே கேட்கும்.

இதில் வயதானவர்களுக்கு ஓர் இடைஞ்சல் இருக்கிறது. அறுபது வயதுக் கண்ணின் உள்திரைக்கு, இருபது வயதில் சேர்ந்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது. எதிர்விளக்கு கண்ணைக் கூசவைத்தால் தெளியவும் நேரமாகும். புரை இருந்தால் இன்னும் மோசம். ஆகவே விளக்கை நேராகப் பார்க்காமல் பார்வையைச் சாலையின் வலது விளிம்பில் வைத்து, வண்டி கடக்கும்வரை நின்றுவிடுங்கள். கண் மருத்துவரை மார்கழியிலேயே பார்த்துவிடுவது நல்லது.

நூறு பேர் வரிசையாகப் போகும்போது கணக்கு வேறு. நம்மைப் போலவே இடப்பக்கம் வண்டியோட்டும் பிரிட்டனின் சாலை விதிநூல், பெருங்கூட்டம் இடது ஓரமாகப் போகட்டும் என்கிறது. முன்னால் போகிறவர் கையில் வெள்ளை விளக்கும், கடைசி ஆளின் கையில் சிவப்பு விளக்கும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இங்கே காவலர் எந்தப் பக்கம் காட்டுகிறாரோ அந்தப் பக்கம் போங்கள். ஆனால் கடைசி ஆளுக்குச் சிவப்பு விளக்கு கொடுக்காமல் ஒரு குழுவும் கிளம்ப வேண்டாம். கைப்பேசி வெளிச்சம் நம் காலடிக்குத்தான் உதவும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு உதவாது.

4. மூத்தவர் நடையே குழுவின் நடை.

இது இளையவர்களுக்கு எழுதிய வரி. அப்பத்தா பின்தங்கினால் அவரை ஓடிவரச் சொல்லாமல் நீங்கள் மெதுவாகப் போங்கள். கடைசி ஆளாக வலுவான ஒருவர் வரட்டும். சாலையைக் கடப்பதென்றால் எல்லோரும் சேர்ந்தே கடக்க வேண்டும். முன்னால் போனவர்கள் அந்தப் பக்கம் நின்று ‘வாங்க ஆச்சி, வாங்க’ என்று கூப்பிட்டால், வண்டியைப் பார்க்காமல் குரலைப் பார்த்து அவர் வந்துவிடுவார். அந்தக் கூப்பாடு என்னைப் பதறவைப்பதுபோல் வழியில் வேறெதுவும் பதறவைப்பதில்லை.

5. ஏறிய கால் இறங்கும்போது அவசரப்படலாகாது.

பழனிமலைக்கு 693 படி. ஏறும்போது மூச்சு வாங்கும், நாமே நின்றுவிடுவோம். இறங்கும்போது மூச்சு தடுக்காது. தரிசனம் முடிந்த நிறைவில் மனமும் முந்தும். ஆனால் அப்போதுதான் ஒவ்வொரு படியிலும் உடம்பின் பாரம் முழுவதும் ஒற்றை முழங்காலில் விழுகிறது. நாள்கணக்காக நடந்து சோர்ந்த தொடைச் சதை அதைத் தாங்க வேண்டும். படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும் கண்ணுக்கு, கடைசிப் படியும் தரையும் ஒன்றாகத் தோன்றும்.

படியைவிடச் சாய்வான யானைப்பாதை முழங்காலுக்கு இதம். விஞ்ச்சும் ரோப்காரும் இருக்கின்றன. நடந்து வந்த நேர்த்தி மலையுச்சியில் நிறைவேறிவிட்டது. இறங்குவதற்கு வண்டி ஏறினால் அதில் குறையேதுமில்லை. படியில்தான் இறங்குவேன் என்கிறவர் கைப்பிடி ஓரமாக வரட்டும். பேரன் அவருக்கு ஒரு படி கீழே, முன்னால் இறங்கட்டும். பின்னால் வந்தால் விழுகிறவரைப் பிடிக்க முடியாது.