பயிர் விளைச்சல் மதிப்பீட்டு முறைகள்

களத்துக்கு வந்த நெல் முழுவதையும் அளந்து பாராமலே, ஒரு பிரதேசத்தின் மகசூலைக் கணித்துச் சொல்லும் முறைகள் இப்பெயரால் குறிக்கப்படும். இவற்றுள் பழமையானது கண்மதிப்பு. பதினாறு அணாவை நிறை விளைச்சலாகக் கொண்டு, கிராம உத்தியோகஸ்தர் பயிரைப் பார்த்துப் பத்தணா, பன்னிரண்டணா என்று குறித்தமையால் அது அணாவாரி எனப்பட்டது. விளைச்சல் குறைந்தால் தீர்வையில் வஜா கிடைக்கக்கூடும் என்ற நிலையில், அணாவைக் கூட்டி எழுத எவருக்கும் மனம் வராதது இயற்கையே.

வயலின் ஒரு துண்டை மட்டும் அறுத்து எடை போட்டு, கண்ணுக்குப் பதிலாக அரிவாளையும் தராசையும் நம்பிய முறையை, 1923 முதல் 1925 வரை பீகார்-ஒரிசா மாகாணத்து நெல்வயல்களில் ஜே. ஏ. ஹப்பாக் என்ற ஐ. சி. எஸ். அதிகாரி பரீக்ஷித்தார். பின்னர், வங்காளத்தில் புள்ளியியலாளர் மஹலனோபிஸ் சிறுசிறு துண்டுகளைப் பெருந்தொகையாக அறுக்கலாம் என்றார். வேளாண்மை ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த பி. வி. சுகாத்மே, துண்டு சிறுத்தால் விளைச்சல் மிகையாகத் தோன்றும் என்று 1946-இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதினார். இரண்டடி ஆரமுள்ள வட்டத்தில், எல்லைக்கோட்டில் நின்ற கதிர்கள் சிலவற்றை இரக்கப்பட்டு உள்ளே சேர்த்துப் பத்துக் கிராம் கூடினாலும், ஏக்கர்க் கணக்கில் அது ஏறத்தாழ 35 கிலோவாகப் பெருகிவிடும். ஆகவே சுகாத்மேயின் கட்சியே வலுவானது என்பது நம் அபிப்பிராயம். எனினும் துண்டுகளின் எண்ணிக்கை குறைந்தால், வயலுக்கு வயல் உள்ள வித்தியாசம் பிடிபடாமற் போகும் என்ற மறுப்பும் தள்ளத்தக்கதன்று.

பிளவக்கல் அணைநீர் பாயும் கூமாப்பட்டி போன்ற நெல்வெளிகளில் இன்று கையாளப்படுவது, ஐந்து மீட்டர்ச் சதுரத்தை அறுக்கும் முறை. சர்வே எண்ணையும், வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து நடக்க வேண்டிய அடிகளையும் தற்செயல் எண்கள் நிர்ணயிக்கும். முளையடித்துக் கயிறு கட்டி, உள்ளே வேர்கொண்ட பயிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு, ஈரத்துக்குக் கழித்து, ஹெக்டேருக்கு 400 மடங்கு பெருக்குவர். அந்தச் சதுரத்தைச் செழித்த பக்கமாகச் சற்று நகர்த்தினால் கணக்கே கெடும். அறுக்க முடியாத தென்னைக்கோ, தேர்ந்தெடுத்த மரங்களில் காய் எண்ணுவதே வழி.

2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீடு அறுத்த சதுரத்தின் எடையைச் சார்ந்ததாயிற்று. வஜாக் காலத்துச் சபலம் வேறு உருவில் திரும்பிற்று. அதனாலேயே 2023 முதல், நெல்லுக்கும் கோதுமைக்கும் செயற்கைக்கோள் வழிக் கணிப்புக்குக் குறைந்தது 30 சதவீதப் பங்கு அளிக்கும் ஏற்பாடு அத்திட்டத்தில் சேர்ந்தது.