மலை இல்லாத ஊரில் மலை மிதிவண்டி

வானம் தெளிந்த நாளில் மேலநீலிதநல்லூரிலிருந்து மேற்கே பார்த்தால், மேற்குத் தொடர்ச்சி மலை நீலக் கோடாகத் தெரியும். காலடியில் இருப்பதோ கரிசலும் செம்மண்ணும் மாறிமாறி வரும் சமவெளி. பள்ளிக்கும் கல்லூரிக்கும் தோட்டத்துக்கும் மிதிவண்டியில் செல்பவர் ஏற வேண்டிய மேடு என்றால் ஓடைப் பாலமும் குளக்கரையும்தான். ஆனாலும், பத்தாம் வகுப்பை முடித்த பிள்ளை கேட்பது ‘மவுண்டன் பைக்’. கடைகளில் முன்வரிசையில் நிற்பதும் அதுவே. பருத்த டயர், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், ‘21 கியர்’ என்ற ஒட்டுவில்லை. இத்தனையும் பத்து, பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும்போது மறுக்கப் பெற்றோருக்கு மனம் வருவதில்லை. கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு அது ஏறத்தாழ ஒரு மாத வருமானம். அந்த வண்டி இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டுமா என்பதை வாங்குவதற்கு முன்பே யோசித்தாக வேண்டும்.

மலை மிதிவண்டி பிறந்த கதையிலேயே இதற்கான பதிலில் பாதி இருக்கிறது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமல்பாயிஸ் மலைச்சரிவில் சில இளைஞர்கள் பழைய பலூன் டயர் வண்டிகளில் மண்பாதை வழியே இறங்கி விளையாடினார்கள். 1976இல் அந்த வட்டாரத்தில் தொடங்கிய இறக்கப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கில் உள்ள கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடியும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த இறக்கம். அதனால் வந்த பெயர் அது. சரளைக் கல்லில் வழுக்காதிருக்க அகன்ற டயர், செங்குத்தான ஏற்றத்துக்குச் சிறிய கியர், நீண்ட இறக்கத்துக்கு வலுவான பிரேக், பின்னாளில் பாறைகளின் அதிர்ச்சியைத் தாங்க சஸ்பென்ஷன் என்று ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு சரிவுக்குச் சொன்ன பதிலாகவே வந்து சேர்ந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவும் ஆனது. சரிவே இல்லாத இடத்தில் அதே பாகங்களில் பலவும் வெறும் எடைதான்.

நம் சாலை கேட்பது வேறு. முதலில் காற்று. தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாய்ந்துவரும் காற்றை நம்பித்தான் இந்தப் பகுதியில் காற்றாலைகள் நிற்கின்றன. அம்மியையும் பறக்கவிடும் என்று பேர்பெற்ற ஆடிக் காற்றை எதிர்த்து மேற்கே மிதித்தவருக்கு, அது ஒரு மலை ஏற்றத்துக்குச் சமம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே, கியர் இங்கே வீண் ஆடம்பரமல்ல. ஆனால் 21 கியர் தேவையில்லை. முன்னே மூன்று, பின்னே ஏழு என்று பெருக்கிச் சொல்லும் அந்தக் கணக்கில் பல இணைப்புகள் ஏறக்குறைய ஒரே விசையைத்தான் தருகின்றன. முன்னே ஒன்று, பின்னே ஏழு என்ற அமைப்பு சமவெளிக்குத் தாராளம். பழுதாகும் பாகங்களும் குறைவு.

அடுத்தது முள். சீமைக் கருவேல முள்ளுக்கு டயரின் பருமன் ஒரு பொருட்டல்ல. டயருக்கும் டியூபுக்கும் நடுவே ஒரு பட்டையை வைப்பதும், டியூபுக்குள் துளையடைக்கும் திரவத்தை ஊற்றுவதும்தான் ஓரளவு காக்கும். வாங்கும்போதே காற்றடைக்கும் வால்வையும் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் உள்ளதைப் போன்ற தடித்த வால்வு இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். விலை உயர்ந்த சில வண்டிகளில் வரும் மெல்லிய வால்வுக்குத் தனி அடாப்டர் வேண்டும். பார்ப்பதற்குச் சிறிய விஷயம். காலை எட்டு மணிக்குப் பள்ளிக்குப் போகும் வழியில் காற்று இறங்கும்போதுதான் அதன் பெருமை தெரியும்.

மூன்றாவதாகக் கரிசல் சகதி. மழைக்குப் பின் வண்டிப்பாதையில் இறங்கினால் ஆழமான பல் கொண்ட டயர் மண்ணை வாரி வாரிச் சேர்த்துக்கொள்ளும். ஒரு கட்டத்தில் சக்கரம் சுழலவே மறுக்கும். அப்போது வண்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பதே வழி. பதினெட்டுக் கிலோ வண்டியைத் தூக்குவதற்கும் பதின்மூன்று கிலோ வண்டியைத் தூக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தோளைக் கேட்டால் சொல்லும். தார்ச் சாலையிலோ அந்தப் பற்கள் ஒவ்வொரு மிதிக்கும் இழுவையைக் கூட்டுகின்றன. நடுவில் வழவழப்பும் ஓரத்தில் சிறு பற்களும் கொண்ட, ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகல டயரே இங்கு ஏற்றது.

ஏமாற்றம் மிகுதியாகக் காத்திருப்பது சஸ்பென்ஷனில்தான். லட்சம் ரூபாயைத் தாண்டும் இரட்டை சஸ்பென்ஷன் வண்டியில் காற்றும் எண்ணெயும் கொண்ட அமைப்பு அதிர்ச்சியை உள்வாங்கி, மெல்ல விடுவிக்கிறது. பன்னிரண்டாயிரம் ரூபாய் வண்டியில் இருப்பது பெரும்பாலும் வெறும் சுருள்வில். அமுக்கினால் துள்ளும், அவ்வளவே. மிதிக்கும் ஒவ்வொரு முறையும் காலின் விசையில் ஒரு பகுதி வில்லை அமுக்குவதில் போய்விடுகிறது. பின்பக்க இணைப்புகளில் தேய்மானம் வந்தால் வண்டியே ஆட்டம் காணும். மாற்றுப் பாகமும் எளிதில் கிடைக்காது. விற்பனைக்கு நிற்கும் வண்டிகளிலேயே மோசமான பேரம் எது என்று கேட்டால், தயங்காமல் இதைக் காட்டலாம்.

டிஸ்க் பிரேக்கைப் பற்றி அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. நனைந்த சாலையில் அது நன்றாகப் பிடிக்கும். ரிம்மில் கோட்டம் விழுந்தாலும் பிரேக் உரசாது. ஆனால் மலிவான டிஸ்க் தகடு ஒருமுறை வளைந்தால் ஓயாமல் கீச்சிடும். அதற்கான பேடு கிராமத்துக் கடையில் இருக்காது. ரிம்மை இரு பக்கமும் கவ்வும் வி-பிரேக்கின் ரப்பர் கட்டையை எவரும் மாற்றலாம். சக்கரத்துக்கும் இதே கணக்குதான். 26 அங்குல டயரும் பழைய 28 அங்குல டயரும் சிற்றூர்களிலும் கிடைக்கும்; 27.5, 29 அங்குலம் என்றால் பெரிய ஊரில் தேட வேண்டியிருக்கும். எந்த வண்டியை வாங்கலாம் என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன், உங்கள் தெருவில் பஞ்சர் ஒட்டுபவரிடம் கேளுங்கள். அதைப் பழுது பார்க்கப்போவது அவர்தான்.

விலையும் பாகமும் இருக்கட்டும். உடலுக்குப் பொருந்தாத வண்டி எவ்வளவு மலிவானாலும் நட்டம். ‘வளர்கிற பிள்ளை’ என்று ஒரு அளவு பெரியதாக வாங்குவது சட்டைக்குச் சரி, மிதிவண்டிக்கு ஆபத்து. சட்டத்தின் நடுவே கால்களை ஊன்றி நிற்கும்போது மேல்கம்பிக்கும் உடலுக்கும் இடையே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். சீட்டில் அமர்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மீது வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இதைவிடத் தாழ்வாக அமர்ந்து நாள்தோறும் மிதித்தால் முழங்கால் வலிக்கும். பெரிய வண்டியிலிருந்து திடீரென்று கால் ஊன்ற முடியாமல் சாலையின் நடுவே சாயும் பிள்ளைக்குப் பின்னால் லாரி வரக்கூடும்.

பயனும் அளவும் சேர்ந்த தேர்வுக்குத் தமிழகத்திலேயே நல்ல முன்னுதாரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களை மிதிவண்டி ஓட்டவைத்தது. பெண்களுக்கான வண்டிகள் கடைகளில் தீர்ந்தபோது பலர் ஆண்களுக்கான வண்டியை வாங்கினார்கள். சீட்டுக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். இன்று கடையில் நிற்கும் மலை மிதிவண்டிகள் பலவற்றில் கேரியர் இல்லை, மட்கார்டு பெயரளவுக்குத்தான். சங்கரன்கோவில் சந்தைக்குப் பூ கொண்டுபோவதற்கும், புத்தகப்பையைக் கட்டுவதற்கும், தங்கையை ஏற்றிச் செல்வதற்கும் அதில் வழியில்லை. கேரியரைத் தனியே பொருத்தி ‘டபுள்ஸ்’ போனால், திருகிப் பொருத்தும் மலிவான கியர் அமைப்பில் பின்அச்சு வளைந்துவிடுவதும் உண்டு.

அரசு, உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழக அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிய திட்டம், பிறகு எல்லாப் பிரிவினருக்கும் விரிந்தது. அந்த வண்டியைக் கௌரவக் குறைவாக நினைத்து ஒதுக்கிவிட்டுப் பளபளப்பான மலை மிதிவண்டியை வாங்கும் வீடுகள் ஒன்றைச் செய்து பார்க்கலாம். நல்ல டயர், தரமான பிரேக் கட்டை, மென்மையான சீட், இரவுக்கு ஒரு விளக்கு ஆகியவற்றை அதற்கே போட்டு, ஸ்போக்குகளை இறுக்கிக் கோட்டம் எடுத்தால் இரண்டு, மூன்றாயிரத்துக்குள் முடியும்.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால், பதினைந்தாயிரத்துக்குக் கீழே கியரும் சஸ்பென்ஷனும் இல்லாத உறுதியான வண்டியே நல்லது. இருபது முதல் முப்பதாயிரம் வரை முடிந்தால், அலுமினியச் சட்டமும் ஏழு, எட்டு கியரும் கொண்ட ஹைப்ரிட் வகையைப் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது; அந்தக் குறைவு ரசீதில் தெரிகிறதா என்று பாருங்கள். இணையத்தில் வாங்கினால் வண்டி பாதி பூட்டிய நிலையில் வரும். முன்ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பிப் பூட்டி ஓட்டுபவர்களைச் சாலையிலேயே காணலாம். மெக்கானிக்குக்கான கூலியை விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மலையில் ஓட்டும் ஆசை உள்ளவர்கள் ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூரை ஒட்டிய மலைக்காடுகள் 2015இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறை அனுமதியின்றி அங்கே எந்தச் சக்கரமும் ஏறக் கூடாது. அந்த வகை வண்டிக்குச் செலவிடும் முன், அதை ஓட்ட இடம் எங்கே என்று தெரிந்துகொள்வது நல்லது. மற்றவர்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன் கடைவாசலில் வண்டியைத் தூக்கிப் பார்த்து, இரு சக்கரங்களையும் சுழற்றிக் கோட்டம் இருக்கிறதா என்று கவனித்து, பிரேக்கை அழுத்தியபடி முன்னே தள்ளிப் பார்த்து, பிள்ளையை ஏற்றி ஒரு தெருவாவது ஓட்டவிட வேண்டும். ஓட்டிப் பார்க்கத் தராத கடையாக இருந்தால், அடுத்த கடைக்குப் போகலாம்.